வீட்டுக்குத் தூரம்

எங்கூட்டுக்காரர் ஜெகநாதனுக்கு ஒரு பழக்கம். தறியில புதுப் பாவு நூல் பிணைக்கிற அன்னிக்கெல்லாம் சமையக்கட்டு வாசல்ல நின்னுகினு, வீட்டுக்குத் தூரம் ஒண்ணும் இல்லையேன்னு கேப்பார். தூரமான பொம்பளை பட்டுத் தறிகிட்டயே வரக்கூடாது, தீட்டு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவர் கேக்காத பாவு கிடையாது. எனக்கே பேஜாரா இருக்கும்.

கர்ப்பப்பையில கட்டின்னு வேலூர்ல காட்டினப்போ டாக்டரம்மா பொறுமையாத்தான் சொன்னாங்க. ரெண்டு பொண்ணும் ஆபரேஷன்ல பொறந்ததுங்க, உள்ள மூத்திரப்பை ஒட்டிகினு இருக்கலாம், ரத்தம் ஜாஸ்தி போகலாம். ஆனாலும் கட்டியை மட்டும் எடுக்க முடியும், அப்புறம் பொறந்தா அதுவும் ஆபரேஷன்தான். குழந்தை போதும்னா பையையே எடுத்துடலாம், உங்க இஷ்டம்னாங்க. எனக்கு முப்பத்தோரு வயசு. இன்னொண்ணு பெத்துக்க கொள்ளை ஆசை. கட்டி மட்டும்னு அவரை வச்சிகினுதான் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

கண்ணு முழிச்சப்போ கட்டி போயிடுச்சுன்னார். கட்டி சுருங்க முன்னாடியே ஊசி போட்டிருந்தாங்க. அதனால ஆறு மாசம் தூரம் வராதாம். ஆஸ்பத்திரியில கூட இருந்த என் அக்கா உண்ணாமலையும் ஆமாம்னா. கூடப் பொறந்தவ சொல்றா, நம்பாம இன்னா பண்றது? துணியைத் துவைச்சு மடிச்சு வச்சிகினு காத்துக் கிடந்தேன்.

ஆறு மாசம் முடிஞ்சு தை போச்சு, மாசியும் போச்சு. ஒருநாள் புதுப் பாவு வந்தது. ஜல்தி வா, இழை எடுத்துக் குடுன்னு தறிகிட்டேர்ந்தே கூப்பிட்டார். வாசலுக்கு வரல, கேக்கல. போன பாவுக்கும் கேக்கலன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சது.

நின்ன இடத்துலயே ஒரு பொய் சொன்னேன். "வர முடியாதுங்க. நான் வீட்டுக்குத் தூரம்."

"உனக்கு ஏது இனிமே?"

சொன்னப்புறம்தான் நாக்கைக் கடிச்சிகினார். அப்புறம் எல்லாத்தையும் கொட்டினார். உன் உயிருக்கு பயந்துதான்னார். நீ மனசு மாறிட்டே, பையையே எடுத்துடுங்கன்னு டாக்டரம்மாகிட்ட நான்தான் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்னார். மூணாவதும் பொண்ணாப் பொறந்தா இன்னா பண்ணுவேன்னு உங்க அக்காவே கேட்டான்னார். பாவி மனுஷன். என் வயித்துல இருந்தது போனது என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு.

மடிச்சு வச்ச துணியை எடுத்துகினு, தூரமானவங்க உக்கார்ற பின்கட்டு மூலையில போய் உக்காந்தேன்.

இப்பவும் புதுப் பாவு வந்தா நான் தூரம்தான். மூணு நாள் அந்த மூலையை விட்டு எழுந்திருக்க மாட்டேன். அவரே சோறு வடிச்சுக் கொண்டாந்து வைக்கிறார், ஏன்னு கேக்கறதில்ல.