ஆறாம் நம்பர் முயல்

சோதனைத் தட்டின் கடைசிக் குழியிலும் கரைசலை விட்ட பிறகு றிப்னா கையுறையைக்கூடக் கழற்றவில்லை. தட்டையே பார்த்தபடி நின்றாள். நிறம் ஏறினால் முயலின் இரத்தத்தில், எதிர்த்துத் தாக்க உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரி இருக்கிறது. ஏறாவிட்டால் இரண்டு வருட வேலையும் வீண்.

ஒலுவில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அவளுக்குப் பன்னிரண்டு முயல்கள். ஆறுக்கு நரம்பு உறையின் புரதத்தை ஊசியால் ஏற்றி நோயைத் தூண்டியிருந்தாள். மற்ற ஆறுக்கும் வெறும் உப்புநீர். உடம்பு தன் நரம்பு உறையையே தாக்கத் தொடங்கினால் கால் தளரும். கல்முனையில் அவளுடைய சித்தப்பா, ஸஹீத் சாச்சா, அப்படித்தான் ஒருநாள் விடிய எழும்ப முடியாமல் கிடந்தார். கால் விழுமுன் இரத்தம் சொல்லுமா என்பதுதான் அவளுடைய கேள்வி. சொல்லாது, நரம்பு கெட்ட பிறகுதான் தெரியும் என்று பேராசிரியர் அடித்துச் சொல்லியிருந்தார்.

ஊசி ஏற்றிய ஒன்பதாம் நாள் எடுத்த இரத்தம் விட்ட வரிசையில் நீலம் ஏறியது. புரதம் ஏற்றிய ஆறிலும் ஏறியது. உப்புநீர்க் குழிகள் தண்ணீர் மாதிரியே கிடந்தன.

கடதாசியில் குறித்துக்கொண்டு முயல் கொட்டகைக்கு ஓடினாள். எந்த முயலுக்கு எது ஏற்றினது என்று தெரியாமலே தினமும் அவற்றின் நடையைப் பார்த்து எழுதுபவர் கேதீஸ்வரன். கூடு கழுவிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டுக் கொப்பியைப் புரட்டினார். முதல் முயல் பின்னங்கால் இழுத்தது பதினாலாம் நாள். அதற்குமுன் ஒன்றுமேயில்லை. ஐந்து நாள் முந்தியே இரத்தம் சொல்லியிருக்கிறது!

ஆனால் கொப்பியில் ஐந்து முயல்தான் தளர்ந்திருந்தன. ஆறாம் நம்பரைக் காணோம். தட்டில் எல்லாவற்றையும்விடக் கடும் நீலம் அதற்குத்தான்.

"எழுத மறந்தீங்களா, அண்ணன்?"

கேதீஸ்வரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இல்ல மிஸ். அது ஒரு நாளும் சறுக்கல்ல. நீங்களே பாருங்க."

கூட்டைத் திறந்தார். முயல் ஒரே பாய்ச்சலில் தீன் மூட்டையைத் தாண்டி மூலைக்குள் போய் நின்றது.

றிப்னா அப்படியே நிலத்தில் குந்தினாள். பிறகு சிரிப்பு வந்தது. பேராசிரியருக்கு அழைத்து, ஐந்து நாள் கதையை மூச்சுவிடாமல் சொன்னாள். கடைசியில் ஆறாம் நம்பரைச் சொன்னாள்.

"பிறபொருளெதிரி நிறைய இரிக்கி, சேர். ஆனா அதுக்கு ஒண்டும் ஆகல்ல. அதுக்குள்ள என்னமோ காக்குது. அதைக் கண்டுபிடிச்சா..."

"நாளைக்கு நானே வாறன்," என்றார் அவர்.

கேதீஸ்வரன் அதற்குள் முயலைப் பிடித்து மடியில் வைத்து, இரத்தம் எடுக்கும் ஊசிக்காக அதன் காதை விரித்துப் பிடித்திருந்தார்.