விசுவாசத்தால் போட்ட டிக்

அந்த அறைக்குள் நுழைந்ததும் முதலில் வருவது புளித்த பால் வாடை. அதற்கு மேல் பினாயில், அதற்கும் மேல் பவுடர். தனித்தனியாக வந்தால் தாங்கிக்கொள்ளலாம். மூன்றும் சேர்ந்து வரும்போது தொண்டையில் எச்சில் இறங்காது. சபை நடத்தும் காப்பகத்தின் கைக்குழந்தை அறை அது. ஆறு குழந்தைகள், ஆறு மரத்தொட்டில்கள், பார்த்துக்கொள்ள இரண்டு பேர். நான் சேர்ந்து பத்து வாரம் ஆகிறது. பெரியக்கா பன்னிரண்டு வருடமாக அங்கே இருக்கிறாள்.

மாலையில் நான் குழந்தை வளர்ப்பு வகுப்புக்குப் போகிறேன். தினமும் நாட்குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நேரம் போட்டு எழுத வேண்டும், பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், சொந்தக் கருத்தைச் சேர்க்கக்கூடாது. வாடை என்பது பார்த்ததில் சேருமா கருத்தில் சேருமா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. முதல் பக்கத்தில் அதை எழுதி, அடித்து, மறுபடி எழுதி வைத்திருக்கிறேன்.

பால் கொடுக்கும் நேரத்தில் ஆறு வாயும் ஒன்றாகத் திறக்கும். எங்களிடம் இருப்பது நான்கு கை. பெரியக்கா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஒரு துண்டைச் சுருட்டிக் குழந்தையின் வலது கன்னத்தோரம் வைப்பாள். பால் பாட்டிலை அதன்மேல் சாய்த்து, ரப்பரை வாயில் கொடுத்துவிட்டு அடுத்த தொட்டிலுக்குப் போய்விடுவாள். அந்தத் துண்டுக்கு அவள் வைத்த பெயர் தேவதூதன்.

"டைரி, மூணாவது தொட்டிலுக்கு ஒரு தேவதூதனக் கொண்டா."

என் நாட்குறிப்பைப் பார்த்த முதல் நாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"அக்கா, இது நேத்து வச்சது. இன்னும் ஈரமா இருக்கு."

"தேவதூதனுக்குச் சளி பிடிக்காதுடி, கொண்டா. மூஞ்ச ஏன் அப்படிச் சுளிக்கிற? பச்சப்புள்ள இருக்கிற எடத்துல பால் நாத்தம் வராம பன்னீரா மணக்கும்?"

நான் சிரித்தேன். சிரித்ததையும் எழுதியிருக்கிறேன். காய்ந்த துண்டுகள் ஜன்னல் கம்பியில் தகரம் போல விறைத்துத் தொங்கும். மடித்தால் மொடமொடக்கும். ஒவ்வொன்றிலும் மஞ்சள் வட்டங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. அதைத் தொட்ட விரலை நான் பாவாடையில் துடைப்பேன். பிறகு அதே விரலால் ஒரு குழந்தையின் வாயைத் துடைப்பேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் தினம் ஒரு தாள் உண்டு. எவ்வளவு குடித்தது, எவ்வளவு நேரம் தூங்கியது, முகம் பார்த்துச் சிரித்ததா, 'ங்கா' சொன்னதா, குப்புற விழுந்ததா என்று வரிசையாகக் கட்டங்கள். மாலையில் பெற்றோரிடம் அதைக் கொடுத்தனுப்புவோம். பெரியக்கா காலை ஜெபம் முடிந்ததும் டீ குடித்துக்கொண்டே ஆறு தாளையும் பரப்பி, எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு முடித்துவிடுவாள். அப்போது மணி ஏழரைகூட ஆகியிருக்காது.

"இன்னும் நாளே ஆரம்பிக்கலையே அக்கா," என்று முதல் வாரம் கேட்டேன்.

"சாயங்காலம் பேனா பிடிக்கக் கை ஏது? விசுவாசத்தால போடு. நடக்கும்னு நம்பிப் போட்டா நடக்கும். இன்னைக்கு விழலன்னா நாளைக்கு விழுந்துட்டுப் போகுது. கீழ உன் கையெழுத்தையும் போடு, ரெண்டு பேரு வேணும்."

போட்டேன். எனக்கு அதில் சந்தேகம் இருந்தது. ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வரும், அதனால் இந்த ஒன்றை மட்டும் தனியாக மதிக்கத் தோன்றவில்லை. இரண்டு நாள் விடுப்பு போக ஐம்பத்தெட்டு நாள் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மூன்றாவது தொட்டிலில் இருந்தவனுக்கு எட்டு மாதம். எல்லோரும் அவனைச் 'சமாதானம்' என்று கூப்பிடுவார்கள். மூன்று மாதக் குழந்தையாக வந்தபோது நாள் முழுக்க வீறிட்டு அழுதானாம். காப்பகத்தை நடத்தும் பாஸ்டரம்மா தலையில் கை வைத்து ஜெபித்தார்களாம், இரண்டு வாரத்தில் அழுகை நின்றுவிட்டதாம். அவன் அம்மா பேருந்து ஓட்டுநர். விடியும் முன்பே சீருடையோடு வந்து அவனை விட்டுவிட்டுப் போவாள். வருகிற ஞாயிறு காப்பகத்தின் நன்றி ஆராதனையில், ஜெபத்தால் மகன் அமைதியானதை அவள் எல்லோர் முன்பும் சாட்சியாகச் சொல்வதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை வகுப்புக்காக ஒரு குழந்தையை ஒரு மணி நேரம் கவனித்து எழுத வேண்டியிருந்தது. யாராவது அதைப் பார்க்கிறார்களா, பேசுகிறார்களா, தொடுகிறார்களா என்று ஒவ்வொரு முறையும் கோடு போட வேண்டும். அசையாமல் கிடப்பவன் என்பதால் எனக்கு வசதியாக இருக்கும் என்று அவனையே தேர்ந்தெடுத்தேன். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். பத்து மணிக்குக் கோடுகளை எண்ணினேன். பார்த்தது மூன்று முறை, அதில் இரண்டு அடுத்த தொட்டிலுக்குப் போகிற போக்கில் விழுந்த பார்வை. பேசியது ஒன்றுமில்லை. தொட்டது ஒருமுறை. வாயிலிருந்து நழுவிய ரப்பரைத் திரும்பச் செருகிய கை அது. என் கை.

அந்த ஒரு மணி நேரமும் நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். அவனைத் தூக்கியிருக்கலாம். தூக்கினால் கணக்கு தப்பாகிவிடும் என்று தூக்கவில்லை. நோட்டை மூடியபோது என் கையிலேயே அந்த வாடை அடித்தது.

செவ்வாய்க்கிழமை பாஸ்டரம்மா வந்தார்கள். நல்லவர்கள், யாரிடமும் கடிந்து பேசாதவர்கள். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே தொட்டில் தொட்டிலாக ஜெபித்தார்கள். ஆமென் சொல்லும்போதுகூடக் கைக்குட்டை இறங்கவில்லை. மூன்றாவது தொட்டில் முன்னால் வந்ததும் முகம் மலர்ந்தது.

"என் தங்கம்! எவ்வளவு சமாதானமா இருக்கான் பாருங்க."

பக்கத்தில் கழுவின பாட்டில்களை எவர்சில்வர் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். தட்டு கைநழுவித் தரையில் விழுந்து சுழன்றது. எனக்கே நெஞ்சு தூக்கிப் போட்டது. ஐந்து குழந்தைகளும் உடல் குலுங்கி ஒரே நேரத்தில் அலறின. அவன் மட்டும் கூரையைப் பார்த்தபடியே கிடந்தான். இமைகூட அசையவில்லை.

"பாத்தீங்களா!" பாஸ்டரம்மாவுக்குக் கண் கலங்கியே விட்டது. "இடி விழுந்தாலும் அசையமாட்டான். ஞாயித்துக்கிழமை இதையும் சொல்லச் சொல்லணும்."

"ஸ்தோத்திரம்," என்றாள் பெரியக்கா, அலறுகிற ஒன்றை இடுப்பில் தூக்கிக்கொண்டே.

அவர்கள் போனதும் அவனைத் தூக்கினேன். கழுத்து மடிப்பில் பாலும் பவுடரும் குழைந்து சாம்பல் நிறப் பசையாக ஒட்டியிருந்தது. விரலால் வழித்தேன், அடியில் தோல் வெந்தது போலச் சிவந்திருந்தது. வலது காதின் மடலுக்குள் மஞ்சளாக ஒரு பொருக்கு. அதை ஈரத்துணியால் தொட்டதும் உடைந்து, உள்ளிருந்து பிசுபிசுப்பாக ஒழுகியது. அந்த நாற்றம் பாலுடையது அல்ல. செத்த எலியை அலமாரிக்குப் பின்னால் தேடுவோமே, அந்த நாற்றம். அவனைத் தொட்டிலில் போட்டுவிட்டு ஓட வேண்டும் போலிருந்தது. ஓடவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இவன் காதுல சீழ் வருது."

"பாலுடி அது. வழிஞ்சு காஞ்சிருக்கும்."

"மோந்து பாருங்க."

பெரியக்கா குனிந்தாள். உடனே நிமிர்ந்துவிட்டாள். வீங்கிய காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"தட்டு விழுந்தப்ப அவனுக்குக் கேக்கவே இல்லக்கா."

"தெரியுது, விடு. வியாழக்கிழமை அவன் அம்மா சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போறா. எட்டு மாசத்துப் பரிசோதனை. காது, கண்ணு எல்லாம் அவங்களே பாத்துருவாங்க. நாம சொல்லி அவ மனசு ஒடையணுமா? சுத்தமாத் துடைச்சுப் பவுடர் போடு."

துடைத்தேன். பவுடர் போடவில்லை. வியாழக்கிழமைக்கு இரண்டே நாள்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்ள எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதையும் அன்றிரவு எழுதி வைத்தேன்.

புதன்கிழமை மாலை அவன் அம்மா வந்தாள். சீருடை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. பெரியக்கா தாளைக் கொடுத்தாள். அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னைக்கும் குப்புற விழுந்தாரா ராஜா? வீட்ல மட்டும் மரக்கட்டையாட்டம் கெடக்கிறான். அம்மாவக் கண்டா அவ்வளவு சோம்பல்."

"பிள்ளைங்க அப்படித்தான்," என்றாள் பெரியக்கா.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போகல அக்கா. அதான் தினம் எல்லாத்துக்கும் டிக் போட்டுக் குடுக்கறீங்களே, அப்புறம் எதுக்கு ஒரு நாள் லீவு? ஞாயித்துக்கிழமைக்கே கெஞ்சிக் கூத்தாடித்தான் வாங்கியிருக்கேன். இப்பவே போன் போட்டு வேண்டாம்னு சொல்லிடறேன்."

நான் பெரியக்காவைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தாள். பிறகு ஜன்னல் கம்பியிலிருந்து துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். ஓட்டுநர் பையிலிருந்து போனை எடுத்துவிட்டாள்.

"அவன் இங்கயும் விழலக்கா," என்றேன் அவளிடம்.

"என்னது?"

"ஒரு நாள்கூடக் குப்புற விழல. 'ங்கா'ன்னும் சொல்லல. நான் வந்ததுலேருந்து ஒரு தடவகூடக் கேக்கல."

"ஏய் டைரி," என்ற பெரியக்கா ஓட்டுநரிடம் திரும்பினாள். "படிக்கிற பொண்ணும்மா, எதையாவது பாத்துட்டுப் பயந்துக்கும்."

ஓட்டுநர் தாளை உயர்த்திப் பிடித்தாள். "அப்ப இது?"

"காலைல ஏழரைக்கே போடறது. எல்லாருக்கும் ஒரே மாதிரி."

"யாரு போடறது?"

"ரெண்டு பேரும்தான். கீழ இருக்கறது என் கையெழுத்து." குழந்தையின் தலையைத் திருப்பிக் காதைக் காட்டினேன். "படுக்க வச்சே பால் குடுக்கறோம். பாட்டிலத் துண்டுல சாய்ச்சு வச்சுட்டுப் போயிடுவோம். வழிஞ்சு வழிஞ்சு காதுகிட்டயே தேங்குது. நேத்து தட்டு விழுந்துச்சு, எல்லாம் அலறுச்சு, இவனுக்குக் கேக்கல. அவன் அழாம இருக்கறது சமாதானம் இல்லக்கா. அழுதா யாரும் வரதில்ல."

அவள் குனிந்து மகனின் காதை முகர்ந்தாள். எங்களைப் போல முகத்தைத் திருப்பவில்லை. அங்கேயே மூக்கை வைத்துக்கொண்டு நின்றாள். நிமிர்ந்தபோது அவள் என்னைப் பார்த்த பார்வையை வகுப்பு விதிப்படி எழுத எனக்குத் தெரியவில்லை. செருப்பால் எதையோ மிதித்துவிட்டால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்போமே, அந்தப் பார்வை. அவள் பெரியக்காவை அப்படிப் பார்க்கவில்லை.

"பத்து வாரமா பாத்துக்கிட்டா இருந்த?"

"ஆமாக்கா."

"எழுதிக்கிட்டு."

"ஆமா."

"நாளைக்குப் பத்து மணிக்குச் சுகாதார நிலையத்துக்கு வா. அந்த நோட்டையும் எடுத்துக்கிட்டு வா. எனக்குக் கோர்வையாச் சொல்ல வராது. நீதான் சொல்லணும்."

அவள் போன பிறகு பெரியக்கா என்னைத் திட்டவில்லை. "ஆறு பிள்ளைக்கு எனக்கு ரெண்டு கைதான்டி," என்றாள். "அத மட்டும் உன் டைரில எழுதிக்கோ." எழுதிக்கொண்டேன், அது பொய்யில்லை. ராத்திரி பாஸ்டரம்மா போன் செய்தார்கள். என்னை இனி வர வேண்டாம் என்று குரல் உயர்த்தாமல் சொல்லி, எனக்காக ஜெபிப்பதாகவும் சொன்னார்கள்.

வியாழக்கிழமை காலை டாக்டரம்மாவின் மேஜை முன்னால் நின்று திங்கட்கிழமைப் பக்கத்திலிருந்து வாசித்தேன். பார்த்தது மூன்று, பேசியது இல்லை, தொட்டது ஒன்று. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு சின்ன விளக்கை வைத்து இரண்டு காதையும் பார்த்தார். பஞ்சு மாற்றி மாற்றி எடுத்தார், ஒவ்வொன்றும் மஞ்சளாக வெளியே வந்தது. இடது காதும் அடைத்திருந்தது. வலது காதில் சவ்வு ஓட்டையாகியிருந்தது.

"படுக்க வச்சா பால் குடுத்தீங்க?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"நான் இல்ல டாக்டர். இவங்க."

டாக்டரம்மா என் பக்கம் திரும்பவில்லை. சீழ் காய மருந்து எழுதினார். ஆறு வாரம் கழித்துக் கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும், அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன் என்றார். தவழ்வது, பேசுவது எல்லாம் தாமதமாகத்தான் வரும், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது, ஆனால் இன்னும் ஆறு மாதம் கழித்து வந்திருந்தால் நிலைமை வேறு. தினமும் முகத்துக்கு நேராகப் பேசுங்கள், குப்புறப் போட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள் என்றார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

வெளியே கவுன்ட்டரில் ஆஸ்பத்திரிப் படிவத்தை நீட்டினார்கள். நான்கு இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் இடது தோளில் குழந்தை, வலது கையில் பை, பேனாவை வாங்க விரல் இல்லை. நான் இரண்டு கையையும் நீட்டினேன்.

"குடுங்கக்கா, நான் பிடிச்சுக்கறேன்."

அவள் என் கைகளைப் பார்த்தாள். பையைத் தரையில் போட்டாள். பக்கத்திலிருந்த மர பெஞ்சில் தன் சீருடைக் கோட்டை விரித்து, அதன்மேல் அவனைப் படுக்க வைத்தாள். அருகே முழங்காலிட்டு, ஒரு கையை அவன் வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் படிவத்தைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்துக் கையெழுத்துப் போட ஆரம்பித்தாள். காகிதம் நழுவிக்கொண்டே இருந்தது. நான் அதன் ஒரு முனையை மட்டும் விரலால் பிடித்துக்கொண்டேன். அதை அவள் தடுக்கவில்லை.