ஐந்தே முக்கால் வரை

என் அம்மா சண்முகசுந்தரி ஓய்வு பெறும் நாளன்று அவர் மேஜையில் பேனாவே இல்லை. கண்காணிப்பாளர் சிலுவைராஜ் காலையிலேயே அதை எடுத்துப் பீரோவில் பூட்டிவிட்டார்.

"இன்னைக்கு எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க மேடம். கல்யாணப் பத்திரிகை வந்தாக்கூட நாளைக்கு வாங்கிக்கிடலாம்."

அம்மா தாண்டிக்குடியில் கணக்கு டீச்சராக இருந்து, தேர்வெழுதி அதிகாரியானவர். கடைசியாகக் கொடைக்கானலில் ஓர் அலுவலகத்துக்குத் தலைமை. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். அவருக்குப் பென்ஷன் வர வேண்டும். பதவிதான் மாறியது, டீச்சர் மாறவில்லை. தாமதமாக வரும் ஊழியர்களை வாசலில் நிற்க வைப்பார். நாற்பது வயதில் அவருக்குப் பிறந்த என்னை உள்ளே விட்டதே பெரிது. மழுப்பிய ஒப்பந்ததாரர் ஒருவரிடம், "கடைசி பெஞ்சுக்குக் கேக்கல, எந்திரிச்சு நின்னு சொல்லுங்க" என்றார். அவரும் எழுந்து நின்றார். உண்மையும் வந்துவிட்டது.

சிக்கல் போன மாதம் வந்தது. ஓடையை மறித்து ஒரு ரிசார்ட் கட்டியிருந்த சுவரை அம்மா இடிக்கச் சொன்னார். உரிமையாளர் பெரிய இடம். "ரிட்டையர் ஆகுற அன்னைக்குப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிகாரிகள் உலகில் இதற்கு ஒரே பொருள்தான். கடைசி நாள் சாயங்காலம் ஒரு வண்டி வரும், ஓர் உறை வரும், சஸ்பெண்ட். அத்தனை வருட உழைப்பும் விசாரணைக்குப் போகும். வாங்கி வைத்த கேக் ஃபிரிட்ஜுக்குப் போகும்.

ஆகவே அம்மா பழனி முருகனிடம் பேசிவிட்டார். அலுவலகம் முடியும் ஐந்தே முக்கால் வரை எதுவும் வராவிட்டால் மொட்டை. சிலுவைராஜ் தன் பங்குக்கு மாதாவிடம் மெழுகுவத்தி நேர்ந்துகொண்டார். "ரெண்டு பக்கமும் சொல்லியாச்சு மேடம். மேல அவங்களே பேசி முடிச்சுக்கிடுவாங்க."

பொன்னாடைகளை வீட்டுக்குச் சுமப்பதற்காக நானும் அங்கே இருந்தேன். மே மாதக் கடைசி. ஏரியைச் சுற்றி வண்டிகள் அசையவே இல்லை. "டிராபிக்தான் தம்பி நம்மளக் காப்பாத்தணும்" என்றார் சிலுவைராஜ்.

காப்பாற்றவில்லை. ஐந்தரைக்கு ஓர் அரசு வண்டி வந்து நின்றது. மேலதிகாரி குருநாதன் இறங்கினார். கையில் பெரிய பழுப்பு உறை. சிலுவைராஜ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அம்மா தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்தார். அது தப்பித்துவிட்டதாக அர்த்தம்.

குருநாதன் கதவைச் சாத்தினார். "எப்படிச் சொல்றதுன்னே தெரியல மேடம்."

"சொல்லுங்க சார். இதுக்குத்தான உக்காந்திருக்கேன்."

"எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. வீட்டுல விட மாட்டேங்குறாங்க."

"யாரு வீட்டுல?"

"எங்க வீட்டுலதான். மாமியாரக் கூட்டிட்டு வந்திருக்கோம். ஊரு பூரா சுத்தியாச்சு, ஒரு ரூம் இல்ல. கெஸ்ட் ஹவுஸுக்கு நீங்க ஒரு வார்த்தை சொன்னா..."

"சார், அந்தக் கவரு?" என்றார் சிலுவைராஜ், மூச்சு விடாமல்.

"இதா? மாமியாரோட முட்டி எக்ஸ்ரே. மடங்கிருமாம், கையிலயே வச்சிருக்கச் சொன்னாங்க."

சிலுவைராஜ் மூச்சு விட்டார். அம்மா விடவில்லை. சர்வீசில் யாருக்கும் சிபாரிசில் ரூம் கொடுத்ததில்லை. கடைசிக் கால் மணி நேரத்தில் தொடங்கவும் மனமில்லை. மறுத்தாலோ, அடுத்த உறையில் எக்ஸ்ரே இருக்காது.

"உக்காருங்க சார். அஞ்சே முக்கால் வரைக்கும் நான் ஆபீசர். அதுவரைக்கும் ரூம் கிடையாது."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நீங்க என் விருந்தாளி."

குருநாதன் கைகட்டி உட்கார்ந்தார். கொடுத்த கேக்கைத் தின்றார். நாங்கள் நால்வரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முள் நகர்ந்ததும் அம்மா எழுந்தார்.

"ஏலே, வெரசா வீட்டுக்குப் போயி உன் ரூமைக் காலி பண்ணு."

"நான் எங்கம்மா படுக்க?"

"ஹால் சும்மாத்தான கெடக்கு."

பொன்னாடை எதுவும் குளிர் தாங்காது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். குருநாதன் மறுநாளே மலையிறங்கிவிட்டார். மாமியாருக்கு ஊர் பிடித்துப்போய், இன்னும் என் அறையில்தான் இருக்கிறார்.

பழனியில் முடியிறக்கி, சந்தனம் பூசிய தலையோடு அம்மா வெளியே வந்தார். அவர் போன் அடித்தது. எடுக்கலாமா என்று என்னைப் பார்த்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார்.

"அடிக்கட்டும்லே. தலை என்னமா லேசா இருக்கு!"