ஆயிரம் வருஷக் கண்ணாடி

கெர்லிங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், முனியாண்டி கல்லுக்கு முன்னால் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். இதில் ஒரு சொல் பொய் என்றாலும் என் இரண்டு கண்ணும் அவிந்துபோகட்டும்.

இருசப்பன் அன்று காலை மருமகனின் கண்ணாடிச் சில்லை மீன்குழம்பில் போட்டுக் கொதிக்கவிட்டார். கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்கும். அதற்குள் ஒளியால் எழுதிவைத்தால் ஒரு மாநிலத்தின் ஆவணங்கள் மொத்தமும் ஆயிரம் வருஷம் அழியாமல் கிடக்குமாம். அக்காள் மகன் புனிதன் ரவாங்கில் ஒரு மாடியறையில் அதற்காகக் கம்பெனி வைத்திருந்தான். தோட்டத்தை நிர்வாகம் விற்றபோது தொழிலாளி இருசப்பனுக்குக் கிடைத்த இழப்பீடு, தாமான் குடியிருப்பில் வீட்டுக்கு முன்பணமாகப் போயிருக்க வேண்டியது, முழுதாக அந்த மாடி ஏறிவிட்டது. குடியிருந்த லயத்து வீட்டையோ தீபாவளிக்குள் காலி செய்தாக வேண்டும்.

சோதனை முடிந்ததும் பெரிய கம்பெனிக்காரன் வாங்கிக்கொள்வான் என்றான் புனிதன். பங்கு போட்டவர்களும் சோதித்துப் பார்க்கட்டும் என்று ஆளுக்கொரு சில்லும் கொடுத்திருந்தான். இருசப்பன் அதைச் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்கு அடியில் வைத்தார், டயர்தான் வெடித்தது. உடும்பு ஒன்று விழுங்கிவிட்டு மூன்று நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தது. அதன்பிறகு அந்த உடும்பு ஆளைக் கண்டால் ஒதுங்கி வழிவிடும். படித்த உடும்பு.

ஒவ்வொரு தடவையும் இருசப்பன் புனிதனுக்குப் போன் போட்டுச் சொல்வார்.

"பாஸ் லா மாமா! சூட்டு டெஸ்ட் முடிஞ்சிச்சி, இப்ப ஈர டெஸ்ட் ஓடுது. கொஞ்சம் பொறுங்க."

"ஈரமும் முடிஞ்சா?"

"அப்பறம் காலம் இருக்குல்ல மாமா? ஆயிரம் வருஷம் நிக்குமான்னு பாக்க வேணாமா?"

மனைவி புஷ்பா குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டாள். "அதுவரைக்கும் நாம எங்க படுக்குறதாம்? அந்தச் சில்லுக்குள்ளயா?"

இருசப்பன் பொறுத்தார். கண்ணாடியை நம்பி அல்ல. பணத்தை வாங்குமுன் புனிதனே அவரைக் கல்லுக்கு இழுத்துப்போய், "மாமா காசுல ஒரு சென்னு நான் தின்னாலும் என் கை வெளங்காமப் போவட்டும்" என்று கற்பூரம் அடித்திருந்தான். மாட்டுத் தகராறில் அந்த இடத்தில் பொய் சொன்ன தோட்டக் கணக்குக் கிராணி மறுநாளே நாக்குப் புரண்டு, சாகும்வரை சீனத்தில் மட்டுமே பேசினார். அதற்குமேல் என்ன உத்தரவாதம் வேண்டும்?

தீபாவளிக்கு முந்தைய வாரம் மாடி பூட்டிக் கிடந்தது. போனும் செத்துப்போயிருந்தது.

இருசப்பன் சுருட்டும் ஒரு பீர் போத்தலும் வாங்கிக்கொண்டு கல்லுக்கு வந்தார். சுருட்டைப் பற்றவைத்துக் கல்மேல் வைத்தார். "அவன் கைய முடக்கிப் போடு சாமி." கொஞ்சம் யோசித்தார். "வேணாம். அக்கா மவன். நல்லா வலிக்கட்டும், அது போதும்."

அந்த வழியாக வந்த பூசாரி வீரன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். "யாருகிட்டண்ணே பேசுறீங்க?"

"முனியாண்டிகிட்ட."

"அவருதான் இங்க இல்லியே. தோட்டம் வித்தப்பவே கலசத்துல எறக்கி, தாமான் கோயிலுக்குக் கொண்டுபோயிட்டோம்ல? நீங்க அப்ப கண் ஆபரேசன்னு கோலா குபு பாரு ஆஸ்பத்திரில படுத்திருந்தீங்க. இது இப்ப வெறுங்கல்லு."

இருசப்பன் கல்லையே பார்த்தார். "புனிதனுக்குத் தெரியுமா?"

"என்னாண்ணே இப்பிடிக் கேட்டுட்டீங்க! கலசத்தத் தலையில வச்சித் தூக்கிக்கிட்டுப் போனதே உங்க மருமவன்தான். ஒரு சொட்டுத் தண்ணி சிந்தல. தங்கமான பையன்."

மோட்டார் சத்தம் செம்பனை வரிசைகளுக்குள் தேய்ந்து மறைந்தது. இருசப்பன் பையிலிருந்த சில்லை எடுத்துக் கல்மேல் வைத்தார். கீறல்கூட இல்லாமல் வெயிலில் மின்னியது. இன்னும் மீன் வாசம் அடித்தது. சுருட்டு பாதி எரிந்திருந்தது. அதை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டு, போத்தலின் மூடியைக் கல்லின் விளிம்பில் தட்டித் திறந்தார்.

நான் கற்பூரம் அடித்ததும் இதே கல்லின் முன்னால்தான்.