யாரும் முழுதாகப் படிக்காத மெத்தட்

லுசாக்காவில் எந்தப் பகுதிக்கு எப்போது மின்வெட்டு என்று முடிவு செய்யும் நிரல், முட்டிண்டா வேலை பார்த்த நிறுவனம் எழுதியது. அந்த முடிவு முழுவதும் நிரலின் ஒரே துண்டுக்குள், ஒரே மெத்தடுக்குள், இருந்தது. வந்தவர் போனவரெல்லாம் ஆளுக்கொரு நிபந்தனையைச் செருகியதில் அது அனுமார் வாலாக நீண்டுவிட்டது.

"பாஸ், இதைச் சின்னச் சின்னதா பிரிச்சிடறேன். கொஞ்சம் டைம் குடுங்க," என்று மேலாளர் சிகோட்டாவிடம் கேட்டாள்.

"ஓடற வண்டிய எதுக்குக் கழட்டற? அணையில தண்ணி இல்ல. புது மின்வெட்டு விதி திங்கக்கிழமைக்குள்ள நிரல்ல ஏறணும். அதைப் பாரு."

புது விதியை எழுதியது பக்கத்து மேசைக் கொண்ட்வானி. மதியம் முட்டிண்டாவின் தட்டிலிருந்து கப்பென்டா மீனைக் கேட்காமலே எடுத்துத் தின்கிறவன். சுமை மிஞ்சிய மின்தடத்தை உடனே நிறுத்து என்று மெத்தடின் தொடக்கத்திலேயே சேர்த்தான்.

"நீயும் ஒருவாட்டி பார்த்துடு."

முட்டிண்டா திரையை உருட்டினாள், உருட்டிக்கொண்டே இருந்தாள். பாதியில் கண் சோர்ந்துவிட்டது.

"சரியாத்தான் இருக்கு," என்று ஒப்புதல் கொடுத்தாள்.

மருத்துவமனை இருந்தால் நிறுத்தாதே என்ற வரி வெகு கீழே கிடந்தது. புது விதி மேலேயே முடிவெடுத்துவிட்டதால் நிரல் அதுவரை போகவே இல்லை. செவ்வாயன்று ஒரு பிரசவ மருத்துவமனையில் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை. இன்குபேட்டரில் இருந்த இரண்டு குழந்தைகள் இறந்தன.

சிகோட்டா கொண்ட்வானியை வேலையை விட்டு அனுப்பினார்.

"நானும் பார்த்துட்டுத்தான் சரின்னேன், பாஸ். என்னையும் அனுப்புங்க," என்றாள் முட்டிண்டா.

"நீயும் போயிட்டா யாரு சரிபண்றது? உட்காரு."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கொண்ட்வானி அவள் மேசையருகே நின்றான். "அந்த வரி என் கண்ணுல படவே இல்ல. சத்தியமா படல."

"எனக்கும் படலடா."

அவன் போனதும் அவள் யாரிடமும் நேரம் கேட்கவில்லை. மருத்துவமனையா என்று பார்ப்பதைத் தனி மெத்தடாகப் பிரித்து, 'நிறுத்தக்கூடாத இடமா' என்று பெயரிட்டு, எல்லா விதிக்கும் முன்னால் வைத்தாள். ஐந்தாறு வரிதான். சிகோட்டா நின்றபடியே படித்தார்.

"அட, இது எனக்கே புரியுதே."

"அவனுக்கும் புரிஞ்சிருக்கும், பாஸ்."

அவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முட்டிண்டா கொண்ட்வானியைக் கைப்பேசியில் அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மெத்தடின் அடுத்த பகுதியைப் பிரிக்கத் தொடங்கினாள்.