டாக்டர் மாட்டிக் காட்டிய கம்பி

ஒன்பது வருடம் காத்திருந்தேன். 1987-இல் அந்தக் கோப்பு தானாக என் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அரசு பல் கிளினிக்குகளுக்கு வாங்கும் கருவிகளைச் சோதித்து அனுமதி தரும் மலேசியாவின் ஈப்போ நகர அலுவலகத்தில் நான் குமாஸ்தா. பிடரியில் ரப்பர் வார் மாட்டி எத்துப்பல்லை உள்ளே தள்ளும் கம்பிக்கு அனுமதி கேட்டிருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர் டாக்டர் துரைசிங்கம்.

இதே ஆள்தான் எழுபத்தெட்டில் சுங்காய் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்து, இலவசம் என்று சொல்லி நாலு பிள்ளைகளுக்கு இதே கம்பியை மாட்டினார். என் தங்கை பாப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. கழற்றலாம் என்று கம்பியை முன்னால் இழுத்தவளுக்குக் கை நழுவிவிட்டது. பிடரியைச் சுற்றியிருந்த ரப்பர் வார் அதைச் சுண்டி இழுக்க, முனை இடது கண்ணில் ஏறியது. கண் போயே போய்விட்டது. "பிள்ளை விளையாடியிருக்கு. தோட்டத்துச் சனத்துக்குச் சொன்னால் விளங்காது" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் காரேறிப் போனார், பாவி மனுஷன்.

அவர் கொடுத்த விண்ணப்பப் பாரத்தில் 'இதுவரை ஏற்பட்ட காயம்' என்ற இடத்தில் 'எதுவுமில்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

சோதனை நாளன்று என் மலாய்க்கார அதிகாரி துவான் ரம்லி (துவான் என்றால் ஐயா) மாதிரிக் கம்பியை மேசைமேல் வைத்தார். டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளை, நீர் ஒருக்கா மாட்டிக் காட்டுமன்."

இன்னும் அடுத்தவர் வீட்டுப் பிள்ளையின் தலைதான் வேண்டுமாம் அவருக்கு!

"விண்ணப்பம் போட்டவங்கதான் மாட்டணும் டாக்டர். இங்க ரூல் அப்படிலா."

வேறு வழியில்லாமல் வாரைப் பிடரியில் மாட்டி, கம்பியின் இரண்டு முனைகளையும் வாய்க்குள் கவ்விக்கொண்டார். நான் முன்பக்கத்தைப் பிடித்து மெல்ல இழுத்தேன். முனைகள் வாயைவிட்டு வெளியே வந்து அவர் கண்ணுக்கு நேரே நின்றன. வார் விறைத்தது.

"விட்டுடவா டாக்டர்?"

"ஐயோ, விட்டிடாதையும்! கண் போயிடும்!"

"காயம் எதுவும் ஆகாதுன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க?"

"பிள்ளை, உம்மைக் கும்பிடுறன்! விட்டிடாதையும்!"

தமிழ் தெரியாத துவான், என்ன சொல்கிறார் என்று கேட்டார். விட்டால் கண் போய்விடுமாம் என்று மலாயில் சொன்னேன். அவர் முகம் கறுத்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், விடத்தான் துடித்தேன். ஆனாலும் கம்பியை விடாமல், இன்னொரு கையால் பிடரி வாரைக் கழற்றினேன்.

"யார் நீர்?" என்றார், கண்ணைப் பொத்திக்கொண்டே.

"பாப்பாவோட அக்கா. அந்தத் தோட்டத்துல கண்ணு போச்சே, அவ."

அனுமதி இல்லை என்று துவான் முத்திரை குத்தினார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பாப்பாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விட்டிருக்கலாம்லா, அக்கா" என்றாள்.