கசிவு இல்லை

அலுவலகத்தில் யாரும் அதை ஏரி என்று சொல்வதில்லை, குளியல் தொட்டி என்பார்கள். நகரத்தின் ஓரத்தில் ஓர் ஓடையை மறித்து, இருபத்தைந்தடி உயரத்துக்கு மண்கரை போட்டு, மக்கள் பொழுதுபோக்க வேண்டுமென்றே தேக்கி வைத்த தண்ணீர் அது. பாசனம் கிடையாது, குடிநீரும் கிடையாது. பன்னிரண்டு பெடல் படகுகள், கரைமேல் ஒரு நடைபாதை, ஒரு ஐஸ்கிரீம் கடை, அவ்வளவுதான். அணைப் பாதுகாப்புப் பிரிவின் ஆய்வாளர் பொறுப்பில் நாற்பத்து மூன்று அணைகள் இருந்தன. முக்கியத்துவத்தின்படி வரிசைப்படுத்தினால் இது நாற்பத்து மூன்றாவதாக வரும்.

ஆய்வாளர் சோம்பேறி அல்ல. பெரிய அணைகளின் அடிச்சுரங்கங்களில் குனிந்தபடியே அரை மைல் நடந்து கசிவை அளந்தவர். அவர் கையெழுத்துப் போட்ட தாளைப் படிக்காமலே மேலே அனுப்பலாம் என்று மேலதிகாரி எல்லோர் முன்பும் சொல்வார். பதினேழு வருடத்தில் அவர் சேர்த்த பெயர் அது.

அந்த வருட ஆய்வுக்கு அவர் போனபோது காலையில் பெய்த மழை விட்டிருந்தது. படகுத்துறைப் பொறுப்பாளர் அவரை எதிர்கொண்டார். நெடுநெடுவென்ற உடம்பும் அகலப் பாதமுமாக இருந்த அவரை ஊரே துடுப்பு என்றுதான் கூப்பிட்டது. பெயர் வைத்தவன் ரசனைக்காரன். துடுப்பு பேசத் தயங்குகிறவர். அன்றைக்கு மட்டும் தானாகவே பேச்சை ஆரம்பித்தார்.

"சார், கீழ தையல்கார அக்கா வீட்டுக்குப் பின்னாடி, கரையோட அடியில ஒரு இடம் காயவே மாட்டேங்குது. வெயில்லயும் சதசதன்னு இருக்கு. கொஞ்சம் இறங்கிப் பாருங்க."

பார்க்கிறேன் என்று ஆய்வாளர் சொன்னார். கரைமேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். உபரிநீர் வழியும் கலிங்கைப் பார்த்தார், மதகின் திருகைச் சுற்றிப் பார்த்தார், படம் எடுத்தார். பிறகு கரையின் வெளிப்பக்கம் எட்டிப் பார்த்தார். சரிவு முழுக்க முழங்கால் உயரப் புல், அதற்குக் கீழே சேறு. காலில் அன்றுதான் முதல்முறையாகப் போட்ட ஷூ. கார் டிக்கியில் ரப்பர் பூட்ஸ் கிடந்தது. காரோ கரையின் அந்தக் கோடியில் நின்றது.

அவர் இறங்கவில்லை. படகுத்துறை பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினார். பதினான்காவது கேள்வி, கரையின் வெளிப்புற அடியில் கசிவோ ஈரமோ காணப்படுகிறதா என்பது. போன வருடத் தாளில் இல்லை என்றிருந்தது. அவரும் இல்லை என்று எழுதினார்.

துடுப்பு கிட்டே வந்து நின்றார். "பாத்தீங்களா சார்?"

"பாத்தேன். மழைத்தண்ணி தேங்கி நிக்குது, வேற ஒண்ணுமில்ல."

துடுப்பின் முகம் தெளிந்தது. இரண்டு மாதமாக அதே நினைப்பாகவே இருந்ததாகவும், படித்தவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டால் நிம்மதி என்றும் சொன்னார். ஆய்வாளர் திரும்பி வரும்போது ஷூவில் ஒரு பொட்டுச் சேறுகூட இல்லை.

ஐந்து வாரம் கழித்து இரண்டு நாள் விடாமல் மழை பெய்தது. ஞாயிறு காலை பத்து மணிக்குத் துடுப்பு அந்த ஈரமான இடத்தைப் பார்த்தபோது, அங்கே தண்ணீர் கொப்புளித்துக்கொண்டிருந்தது. டீ மாதிரி கலங்கிய தண்ணீர். மண்கரையில் தெளிந்த நீர் கசிந்தால் கவலைப்படலாம், கலங்கிய நீர் கசிந்தால் ஓட வேண்டும். கரை உள்ளுக்குள்ளேயே கரைந்துகொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். இதைத் துடுப்புக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. இருந்தும் மதகை முழுக்கத் திறந்துவிட்டு, அவசர எண்ணுக்குப் போன் போட்டபடியே கரைக்குக் கீழிருந்த தெருவுக்கு ஓடினார். பதினொரு வீட்டுக் கதவையும் தட்டி எல்லோரையும் மேட்டுக்கு விரட்டினார்.

முக்கால் மணி நேரத்தில் கரையில் ஒரு துண்டு சரிந்தது. ஓரளவு தண்ணீர் மதகு வழியாக ஏற்கெனவே போயிருந்ததால் தெருவுக்குள் இடுப்பளவு வெள்ளத்தோடு முடிந்தது. சாவு இல்லை. ஆனால் முதல் வீட்டுத் தையல்காரம்மா, வெட்டி வைத்த துணிகளைப் பீரோ மேல் ஏற்றிவிட்டு வரலாமென்று திரும்பிப் போயிருந்தார். பின்சுவர் அவர்மேல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

ஊரின் கோபம் துடுப்பு மேல் திரும்பியது. பின்சுவர் ஊறுகிறதே, வேறு வீடு பார்க்கட்டுமா என்று தையல்காரம்மா போன மாதம் கேட்டபோது, ஆய்வாளரே பார்த்துவிட்டுப் போனார், பயப்படாதீர்கள் என்று சொன்னது அவர்தானே. காப்பாற்றியவர் என்பதை இரண்டே நாளில் எல்லோரும் மறந்துபோனார்கள்.

விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார்கள். தலைவி, ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர். அலுவலகக் கூட்ட அறையில் நீள மேசையின் ஒரு பக்கம் அவர்கள், எதிர்ப்பக்கம் ஆய்வாளர், மேலதிகாரி, கடைசி நாற்காலியில் நுனியில் உட்கார்ந்த துடுப்பு. ஆய்வு நடந்த நாளில் கசிவு இல்லை, பிறகு ஏற்பட்டிருக்கிறது, தினமும் அங்கேயே இருக்கிறவர் தெரிவித்திருக்க வேண்டும் என்று மேலதிகாரி சொல்லி முடித்தார்.

துடுப்பு எழுந்து நின்றார். ஆய்வு அன்றைக்கே சாரிடம் சொன்னதாகச் சொன்னார்.

தலைவி ஆய்வாளரைப் பார்த்தார். "சொன்னாரா?"

இல்லை என்று சொல்ல ஆய்வாளருக்கு வாய் வரவில்லை, ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை.

"ஞாபகம் இல்ல மேடம்."

துடுப்பு அவரையே சற்று நேரம் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். துடுப்போ தலைவி பக்கம் திரும்பி, "சாருக்கு எத்தனையோ அணை, மேடம். மறந்திருப்பாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஆய்வாளர் மேசைக்கடியில் தன் கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே துடுப்பை வேலையிலிருந்து நிறுத்தி வைத்த உத்தரவு வந்தது. மேலதிகாரி வராந்தாவில் ஆய்வாளரின் தோளைத் தட்டி, உங்கள் பேப்பர் சுத்தமாக இருந்ததால் நம் பிரிவு தப்பித்தது என்றார்.

நான்கு நாள் அவர் யார் கண்ணையும் பார்த்துப் பேசவில்லை. மகள் பள்ளியில் வெள்ளத்தைப் பற்றிப் பேச்சு வந்ததாம். எங்கப்பா பாத்தா ஒரு ஓட்டைகூட தப்பாது என்று தான் சொன்னதைச் சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னாள். அவர் தட்டோடு எழுந்து போய்விட்டார். மனைவி பின்னாலேயே சமையலறைக்கு வந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு நின்றாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஷூவைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிப்போனது.

"அந்த மனுஷனுக்குப் பிள்ளைகுட்டி இருக்கா?" என்றாள்.

"தெரியல."

"உண்மைய எங்கிட்ட சொல்லி என்னங்க பண்றது? கேட்டவங்க அங்கல்ல இருக்காங்க."

மறுநாள் காலை தலைவியின் அறைக்கு அவர் தனியாகப் போனார். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. துடுப்பு சொன்னது, தான் இறங்காதது, பார்த்ததாகச் சொன்ன பொய், குழுவின் முன் மறைத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தலைவி எழுதிக்கொண்டே வந்தார். ஏன் இறங்கவில்லை என்று கேட்டார். உடம்பு சரியில்லையா, நேரமில்லையா, வேறு அவசரமா என்று அவரே காரணங்களை எடுத்துக் கொடுப்பதுபோல் இருந்தது. அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் ஆய்வாளருக்குத் தோன்றவும் செய்தது.

"புது ஷூ, மேடம். சேறாயிடும்னு."

எழுதிய பேனா நின்றது. தலைவி நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு அதையும் எழுதினார். வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார்.

துடுப்புக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆய்வாளரின் தகுதியைப் பறித்து, அவரை ஆவண அறைக்கு மாற்றினார்கள். அவர் கையெழுத்திட்ட நாற்பத்து மூன்று அணைகளையும் மறு ஆய்வு செய்ய உத்தரவானது. மேலதிகாரி அதன்பின் அவரோடு பேசவில்லை. மகளுக்கு அவரே சொன்னார். அவள் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள்.

ஒரு சனிக்கிழமை மதியம் அவர் ஏரிக்குப் போனார். தண்ணீர் வடிந்த தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. துடுப்பு படகுகளைக் கவிழ்த்துப் போட்டு அடியில் ஒட்டியிருந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ஆய்வாளர் மன்னிப்புக் கேட்டார். துடுப்பு சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"பாக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் சார். நானே இன்னும் நாலு பேருக்கு எழுதிப் போட்டிருப்பேன். பாத்தேன்னு சொன்னீங்களா, விட்டுட்டேன்."

தையல்காரம்மாவைப் பார்க்கப் போகிறேன், கூட வருகிறீர்களா என்று ஆய்வாளர் கேட்டார். துடுப்பு இன்னும் ஒருமுறைகூடப் போகவில்லையாம். எந்த முகத்தோடு போவது என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கை கழுவினார்.

மருத்துவமனையில் ஆறாவது கட்டில். தையல்காரம்மாவின் கால்மாட்டில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஆய்வாளர் நின்றபடியே தான் யார் என்பதையும் செய்ததையும் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தலாமா என்று நினைத்தார், தாழ்த்தவில்லை. அம்மா கேட்டு முடித்துத் துடுப்பைப் பார்த்தார்.

"உன்னைத்தான் தம்பி ஒரு மாசமா திட்டிட்டிருந்தேன். உக்காரு."

துடுப்பு ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம்தான் அம்மா ஆய்வாளர் பக்கம் திரும்பினார்.

"இறங்கிப் பாக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

"பத்து நிமிஷம்மா."

அம்மா தலையை அசைத்தார். துடுப்பிடம் தெருவைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தார். சுவர் எழுப்புகிறார்களா, மிஷின் பிழைத்ததா, யார் யார் திரும்பி வந்துவிட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். அறையில் இன்னொரு ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது. யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை. பார்வை நேரம் முடியும்வரை ஆய்வாளர் கட்டில் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.